இரும்புக் கல்லுக்கு அதன் வேலையைக் கொடுங்கள்

பொட்டிப்புரம் என்றதும் வெளியூர்க்காரர்கள் கேட்பது நியூட்ரினோவைப் பற்றித்தான். எங்கள் ஊரை ஒட்டிய அம்பரப்பர் மலையைக் குடைந்து, உள்ளே 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கி ஆய்வகம் அமைக்கும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பும் வழக்கும் ஊரின் பெயரை எங்கெங்கோ கொண்டுபோய்ச் சேர்த்தன. நான் எழுத வந்திருப்பது வேறொரு இரும்பைப் பற்றி. எங்கள் அடுப்படிகளில் இருக்கும் இரண்டரைக் கிலோ இரும்பைப் பற்றி.

கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் பணியாரம் சுட்டு விற்கிறேன். மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு ஜீப்பில் வந்து இறங்கும் பெண்கள், வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். அடுப்புப் பக்கத்தில் நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில் எப்படியும் ஒருத்தி கேட்டுவிடுவாள்: “ஒங்க கல்லுல மட்டும் எப்படிக்கா ஒட்டாம வருது? நானும் ஆசையா இரும்புக் கல்லு வாங்குனேன். மாவப் பிடிச்சு வச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குது.”

நான்ஸ்டிக் பூச்சு உரிந்து சோற்றோடு வயிற்றுக்குள் போகிறதே என்ற பயத்தில் பலரும் இரும்புக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஆனால் வாங்கிய கல் ஒரே மாதத்தில் பரணுக்குப் போய்விடுகிறது. இரும்பின் மேல் குற்றமில்லை, வாங்கியவர் மேலும் குற்றமில்லை. எந்தக் கல்லை எடுப்பது, எப்படிப் பழக்குவது, எதைச் சமைப்பது என்று பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இல்லாமல் போனதுதான் காரணம். பரணில் கிடக்கும் அந்தக் கற்களெல்லாம் கீழே இறங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வார்ப்பா, தகடா?

கடையில் “இரும்புச் சட்டி” என்று கேட்டால் இரண்டு வகைச் சாமானை எடுத்துப் போடுவார்கள். ஒன்று வார்ப்பிரும்பு. உருகிய இரும்பை மணல் அச்சில் ஊற்றி ஆறவைத்து எடுப்பது. அதில் 2 முதல் 4 சதவீதம் வரை கார்பன் இருக்கும். சுத்தமான இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். இவ்வளவு கார்பன் சேர்ந்தால் 1,200 டிகிரியை ஒட்டியே உருகி ஓடத் தொடங்கிவிடும். அதனால்தான் அதை அச்சில் ஊற்ற முடிகிறது. அதே கார்பன் உள்ளே கிராபைட் செதில்களாகப் படிந்திருப்பதால்தான் வார்ப்புச் சட்டி கைதவறி சிமெண்டுத் தரையில் விழுந்தால் இரண்டாகப் பிளக்கிறது.

இன்னொன்று தகட்டு இரும்பு. கார்பன் மிகக் குறைவு. பட்டறையில் ஆசாரி அடித்துக் கொடுக்கும் வாணலியும் தாளிப்புக் கரண்டியும் இந்த வகை. இது விழுந்தால் நெளியும், உடையாது. எடையும் குறைவு. சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் ஆறும். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். பழக்குகிற முறை இரண்டுக்கும் ஒன்றே.

தமிழ்நாட்டில் இரும்பு மிகப் பழையது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகள் கி.மு. 3345 வரை பின்னோக்கிப் போவதாக, 2025 ஜனவரி 23 அன்று தமிழக அரசு வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை கூறுகிறது. ஆனால் அந்தக் காலத்துச் சாதாரண உலைகளில் இரும்பு உருகி ஓடாது. துளைகள் நிறைந்த கட்டியாக வரும், அதை அடித்து அடித்துத்தான் பொருளாக்குவார்கள். இரும்பை வார்க்கும் வித்தையைச் சீனர்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கைவசம் வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி என்பவர் மணல் அச்சில் இரும்புப் பானை வார்ப்பதற்கு 1707இல் காப்புரிமை பெற்றார். நம் பக்கம் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் ஊதுலை வைத்து இரும்பாலை நடத்தினார். இன்றைக்குக் கோவை பவுண்டரிகளில் பம்புக்கும் மோட்டாருக்கும் கூடு வார்க்கிறார்களே, அதே மணல் வார்ப்பு முறையில்தான் நம் தோசைக் கல்லும் பிறக்கிறது. புதுக் கல்லைத் தடவிப் பார்த்தால் கையில் சொரசொரப்பு தட்டும். அது அச்சு மணலின் தடம். குறை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

தேவாரம் கடைத்தெருவில் பாத்திரக் கடைக்காரரிடம் நான் கேட்பது ஒரே கேள்வி.

“அண்ணே, இது வார்ப்பா, தகடா?”

“வார்ப்புதாம்மா. நீங்களே தட்டிப் பாருங்க.”

அவர் சொல்வது வெறும் வியாபாரப் பேச்சில்லை. கல்லின் காதில் ஒரு விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, கரண்டிக் காம்பால் ஓரத்தில் தட்ட வேண்டும். நல்ல வார்ப்பு கணீரென்று ஒலித்து மெதுவாக அடங்கும். எங்காவது மயிரிழை விரிசல் ஓடியிருந்தால் ‘டொக்’கென்று அப்போதே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் காதுக்குத் தெரிந்துவிடும். நான்கு பக்கமும் தட்டிக் கேளுங்கள், கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிறகு கல்லைத் தரையில் வைத்து ஓரத்தை அமுக்கிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். வார்ப்பிரும்பு இண்டக்ஷனில் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அடி தட்டையாக உட்கார வேண்டும். அடியில் குழி தொங்கும் பணியாரக் கல் அதற்குச் சரிப்படாது. மேற்பரப்பில் ஊசித் துளைகள் தெரிந்தால் அந்தக் கல்லையும் தள்ளிவிடுங்கள். மாவு அந்தத் துளையில் போய் உட்கார்ந்து கருகும்.

அடுத்தது அளவு. நம் வீட்டு கேஸ் அடுப்பில் தீ ஒரு சாணுக்குள்தான் பரவும். ஓட்டல் கல்லைப் பார்த்து ஆசைப்பட்டு 14 அங்குலக் கல் வாங்கினால் நடு தீயும், ஓரம் வேகாது. 10 அல்லது 11 அங்குலம் போதும். கனம் 4 முதல் 5 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. 12 அங்குல அகலத்தில் 5 மில்லிமீட்டர் கனமுள்ள வட்டக் கல் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ வரும். கழுவும்போது அதை நீங்கள் ஒற்றைக் கையால் தூக்கியாக வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு எடுங்கள். பளபளவென்று கறுப்பாக மின்னும் கல்லைக் கண்டால் அது எண்ணெய் பழக்கியதா, பெயிண்ட் அடித்ததா என்று கேளுங்கள். வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டு அழுத்தித் தேய்த்தால், பழக்கிய கல்லில் லேசான பழுப்புதான் வரும். கறுப்பு கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தாலோ, பெயிண்ட் வாடை அடித்தாலோ அந்தக் கல் வேண்டாம்.

பழக்குவது எப்படி?

புதுக் கல்லை அரிசி கழுவிய தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றித் தேய்த்துக் கழுவச் சொல்வார் என் மாமியார். இதில் நல்ல வேதியியல் இருக்கிறது. கழனித் தண்ணீர் ஊற ஊறப் புளிக்கும். அந்த மெல்லிய அமிலம் மேலோடு இருக்கும் துருவையும் பவுண்டரிப் புழுதியையும் இளக்கிவிடும். முதல் நாள் தண்ணீர் கருகருவென்று வரும், மூன்றாம் நாள் தெளியும். ஆனால் இது கல்லைச் சுத்தம் செய்கிற வேலை மட்டுமே. ஒட்டாத தன்மை வருவது இதற்கடுத்து எண்ணெயாலும் தீயாலும்தான்.

எண்ணெய் இரும்பின் துளைக்குள் ஊறிப்போகிறது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடப்பது வேறு. மெல்லியதாகப் பூசிய எண்ணெய், புகை வரும் அளவுக்குச் சூடேறும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியான படலமாகிவிடும். கதவுக்கு அடித்த வார்னிஷ் காய்ந்து இறுகுவது போலத்தான் இதுவும். அப்படி இறுகிய பிறகு அது எண்ணெயே இல்லை. கழுவினால் போகாது.

முறையைச் சொல்கிறேன். கழுவிய கல்லை அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவையுங்கள். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான எண்ணெயை முன்னும் பின்னும் ஓரமும் தடவுங்கள். அடுத்தது முக்கியமான வேலை. பருத்தித் துணியால் அந்த எண்ணெய் முழுவதையும் துடைத்தெடுத்துவிடுவது போலத் துடையுங்கள். துடைத்த பிறகும் மிஞ்சியிருக்கும் மினுமினுப்பே போதும். ஜன்னலைத் திறந்துவைத்து, புகை கிளம்பி அடங்கும் வரை கல்லைச் சூடாக்கி, தானாக ஆறவிடுங்கள். இப்படி நான்கைந்து முறை செய்தால் சாம்பல் நிறக் கல் பழுப்பாகி, பிறகு கறுக்கும். எண்ணெயைத் தாராளமாக ஊற்றிச் சூடாக்கினால் அது இறுகாமல் பிசுக்காக நிற்கும். “பழக்கினேன், ஆனால் கல் பிசுபிசுவென்று இருக்கிறது” என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் செய்திருப்பது இதைத்தான்.

எந்த எண்ணெய்? எளிதில் இறுகும் எண்ணெய் எது என்பதற்கு அயோடின் எண் ஒரு நல்ல அளவுகோல். தேங்காய் எண்ணெய்க்கு அது 10 அளவில்தான் இருக்கும். அது இறுகவே இறுகாது, பழக்க ஆகாது. கடலை எண்ணெய்க்கு 85 முதல் 99. நல்லெண்ணெய்க்கு 100க்கு மேல். ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல், ஆனால் அந்தப் படலம் கண்ணாடியாக இறுகிப் பிறகு செதில் செதிலாக உரிவதுண்டு. எள்ளும் கடலையும் விளைகிற எங்கள் பக்கத்தில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நல்லெண்ணெயையும் கடலை எண்ணெயையும் கொண்டே கல்லைப் பழக்கினார்கள். அது சரியான தேர்வு. வெளியிலிருந்து எதுவும் வரவழைக்கத் தேவையில்லை.

பழக்கிய மறுநாளே தோசை ஊற்றிவிடாதீர்கள். முதல் ஒரு வாரம் வெங்காயம் வதக்குங்கள், உருளைக்கிழங்கு வறுங்கள், வடை தட்டிச் சுடுங்கள். எண்ணெய் அதிகம் காணும் சமையல் ஒவ்வொன்றும் படலத்தின் மேல் இன்னொரு படலம் சேர்க்கும். பிறகு ஊத்தப்பம், அடை. அதன் பின் மெல்லிய தோசை. முட்டை எல்லாவற்றுக்கும் பின்னால்.

சூட்டைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது

வார்ப்பிரும்பு வெப்பத்தை வேகமாகக் கடத்தும் என்பது தப்பான எண்ணம். அலுமினியத்தோடு பார்த்தால் அதன் கடத்தும் திறன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். பெரிய தீயில் வைத்தால் நடுப்பகுதி கொதிக்க, ஓரம் குளிர்ந்தே கிடக்கும். நடுவில் கருகுவதும் ஓரத்தில் ஒட்டுவதும் இதனால்தான். சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் வையுங்கள். அதற்குள் சட்னியை அரைத்துவிடலாம்.

அதன் பலம் சூட்டைத் தேக்கிவைப்பதில் இருக்கிறது. முக்கால் கிலோ அலுமினியத் தவா தேக்கும் வெப்பத்தைப் போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கை இரண்டரைக் கிலோ இரும்புக் கல் தேக்கும். ஒரு கரண்டி குளிர்ந்த மாவு விழுந்ததும் மெல்லிய தவா சட்டென்று சூடிறங்கிவிடும். இரும்பு இறங்காது. விழுந்த கணத்தில் மாவின் அடி வெந்து பொரிந்து தானே விடுபடுகிறது. முறுகல் வருவதும் ஒட்டாமல் எழும்புவதும் ஒரே காரணத்தால்தான்.

தோசைக்குச் சூடு சரியா என்று பார்க்க நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ‘சுர்’ரென்று இரைந்து உடனே மறைந்தால் சரி. முத்து முத்தாக உருண்டு ஓடினால் சூடு அதிகம். தீயைக் குறைத்து, இன்னும் கொஞ்சம் தெளித்துத் துணியால் துடைத்துவிட்டு மாவை ஊற்றுங்கள். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்ப்பதும் இந்த நேரத்தில்தான். எண்ணெயை மெல்லியதாகப் பரப்பும், முந்தைய தோசையின் துணுக்கையும் வழித்தெடுக்கும். தெளிப்பது சொட்டுக் கணக்காக இருக்கட்டும். சூடான கல்லைக் கொண்டுபோய்க் குழாய்க்கடியில் பிடித்தால் அது ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கி விரிசல் விட்டுவிடும். விரிசல் விட்ட வார்ப்பை வீட்டில் ஒட்டவைக்க வழியில்லை.

எதைச் சமைக்கலாம், எதைக் கூடாது

தோசை, அடை, பணியாரம், வறுவல், பொரியல், முட்டை, கறி வறுப்பது எல்லாம் இரும்பின் வேலை. புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு, ரசம், மீன் குழம்பு மண்சட்டியின் வேலை. புளிப்பு, பழக்கிய படலத்தைத் தின்றுவிடும். குழம்பில் இரும்பு வாடையும் ஏறும். வாழைப்பூவும் கத்திரிக்காயும் இரும்புச் சட்டியில் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேரும்போது வரும் கறுப்பு அது. பழைய காலத்தில் எழுது மை செய்ததும் இந்த வினையை வைத்துத்தான். உடம்புக்குக் கெடுதல் இல்லை, பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான்.

தோசைக் கல்லில் சப்பாத்தி போடக் கூடாது என்று பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. சப்பாத்திக்கு எண்ணெயில்லாமல் கடும் சூட்டில் கல் காய வேண்டும். அந்த உலர்ந்த சூட்டில் படலம் எரிந்து மெலிகிறது, உதிரும் மாவு கருகி ஒட்டுகிறது. மறுநாள் தோசை வராது. சப்பாத்திக்கென்று விலை குறைந்த தகட்டுக் கல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

கழுவுவதற்கு வெந்நீரும் தேங்காய் நாரும் போதும். மீன் வறுத்த அன்றைக்கு ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு போடலாம். இறுகிய படலம் அதற்கெல்லாம் கரையாது. சாம்பலும் கம்பி நாரும் வேண்டாம். கழுவியதும் அடுப்பில் ஒரு நிமிடம் வைத்து ஈரத்தைப் போக்கி, துணியால் எண்ணெய் ஒற்றி எடுத்துவையுங்கள். ஆடிச் சாரல் நேரத்தில் எங்கள் அடுப்படிக் காற்றிலேயே ஈரம் நிற்கும். அப்போது மட்டும் கற்களுக்கு இடையில் ஒரு காகிதம் வைத்து அடுக்குவேன்.

ஏற்கெனவே துருப்பிடித்துவிட்டதா? வருத்தப்பட ஒன்றுமில்லை. பழக்கிய படலத்துக்குப் பகையான அதே புளி, துருவுக்கு மருந்து. புளியையும் கல்லுப்பையும் சேர்த்து நன்றாகத் தேய்த்துக் கழுவி, உடனே காயவைத்து, முதலிலிருந்து பழக்குங்கள். விரிசல் விடாத எந்தக் கல்லையும் மீட்டுவிடலாம். 260 டிகிரிக்கு மேல் சூடேறினால் சிதையத் தொடங்கும் நான்ஸ்டிக் பூச்சுக்கு இந்த மறுபிறவி கிடையாது.

இரும்புச் சத்து கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் எல்லாச் சமையலிலும் அல்ல. எத்தியோப்பியாவில் சில குழந்தைகளின் வீடுகளுக்கு இரும்புப் பானையும் சிலரது வீடுகளுக்கு அலுமினியப் பானையும் கொடுத்து ஓர் ஆண்டு கவனித்தார்கள். இரும்புப் பானைக் குழந்தைகளுக்கு ஹீமோகுளோபின் நன்றாகவே கூடியிருந்தது. 1999இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இந்த ஆய்வு வெளியானது. 1986இல் அமெரிக்காவில் வெளியான இன்னோர் ஆய்வில், புளிப்பான ஆப்பிள் கூழை இரும்புச் சட்டியில் சமைத்தபோது 100 கிராமில் இரும்பு 0.35 மில்லிகிராமிலிருந்து 7 மில்லிகிராமுக்கு மேல் ஏறியது. ஈரமும் புளிப்பும் உள்ள உணவு நேரம் எடுத்து வேகும்போதுதான் இரும்பு அதிகம் இறங்குகிறது. இரண்டு நிமிடத்தில் எடுக்கும் தோசையில் அவ்வளவு வராது.

இது நமக்குச் சின்ன விஷயமில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கும் முகங்களைப் பார்க்கும்போது இந்த எண் எனக்கு எண்ணாகத் தெரிவதில்லை. விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளைகளுக்கு எடுத்துவைத்து, மலையேறிப் போகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு நான் சொல்வது இது: தோசைக் கல்லைத் தவிர ஒரு சின்ன இரும்புச் சட்டியும் வைத்துக்கொள்ளுங்கள். முருங்கைக் கீரையோ தக்காளி போட்ட பருப்போ அதில் வேகட்டும். வெந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். அந்தச் சட்டியின் படலம் போனால் போகட்டும், அது அதற்காகவே வாங்கியது. சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் சேருவது குறையும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ஆனால் சட்டி மாத்திரைக்குப் பதிலாகாது. இரத்தம் குறைவு என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் கொடுக்கும் மாத்திரையைச் சாப்பிடுங்கள். தலசீமியா உள்ளவர்களும் அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்கிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இரும்புப் பாத்திரத்தில் சமைக்கக் கூடாது.

யாருக்கு எந்தக் கல்?

கல்யாணச் சீரில் இப்போது நான்ஸ்டிக் செட் வைக்கிறார்கள். அதோடு ஒரு இரும்புக் கல்லும் இருக்கட்டும் என்று கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கி வைப்பவர்களும் உண்டு. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இரும்பில் கஷ்டமான காலம் முதல் ஒரு மாதம்தான். அடுப்படி புதிது, வீடு புதிது என்று இருக்கும் பெண்ணிடமோ, திருப்பூரிலோ சென்னையிலோ தனியாக அறை எடுத்துத் தங்கும் மகனிடமோ அந்த ஒரு மாதத்தை ஒப்படைக்காதீர்கள். பத்து வருஷமாக நீங்கள் தோசை ஊற்றிய கல்லை அவர்களுக்குக் கொடுங்கள். முதல் நாளே தோசை ஒட்டாமல் வரும், அவர்கள் அதைப் பரணில் போட மாட்டார்கள். புதுக் கல்லை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பழக்கத் தெரிந்த கை உங்களுடையதுதான்.